பஸ் நிற்காத ஊர்

"திருடன்னாலும் ரொம்ப மரியாதையான திருடன் சார்," என்றாள் ஷாரோன். "சர்ட்டிபிகேட்ட வாங்கினு போறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் தண்ணி குடுத்துகீறான்."

தளவாய் சிரிக்கவில்லை. கடலைமிட்டாயை மென்றபடி எதிரே இருந்த பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரகடம் கூட்டுரோட்டில், செல்போன் கடைக்கு மாடியில் இருந்தது அவருடைய துப்பறியும் நிலையம். வேலைக்கு வருகிறவன் சொல்வதெல்லாம் உண்மையா என்று கம்பெனிகளுக்கு விசாரித்துச் சொல்வதுதான் அவருக்குச் சோறு போடும் தொழில். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து வருஷக்கணக்காகியும் பேச்சு மட்டும் ஊரைவிட்டு வரவில்லை. ஷாரோன் அவருடைய உதவியாளர். வாய் சும்மா இருக்காது என்பதைத் தவிர அவளிடம் குறை சொல்ல எதுவுமில்லை.

எதிரே இருந்தவள் மஞ்சுளா. பிள்ளைப்பாக்கத்துப் பெண், டிப்ளமோ படித்தவள். போனில் வேலை தேடும் ஆப் ஒன்றில் விளம்பரம் பார்த்து, வாலாஜாபாத் ரோட்டில் ஒரு சின்ன மண்டபத்துக்கு இன்டர்வியூ என்று போயிருக்கிறாள். டை கட்டிய ஓர் ஆள், சரிபார்த்துத் திருப்பித் தருவதாகச் சொல்லி, எல்லோருடைய ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டையும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் விளம்பரத்திலிருந்த நம்பரை யாரும் எடுக்கவே இல்லை.

"நாளைக்குக் காலைல வேற கம்பெனில ஜாயினிங் சார். அது நெஜமான வேலை. ஒரிஜினல் இல்லாம கேட்டுக்குள்ளயே வுட மாட்டாங்க," என்றாள் மஞ்சுளா. "இதுவும் போச்சுன்னா எங்க வூட்ல இந்த மாசமே மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிடுவாங்க. அவ்ளோதான் என் கதை."

"ஏம்மா, தெரியாத ஆளு கேட்டா வளையலக் கழட்டிக் குடுப்பியா?" என்று கேட்டாள் ஷாரோன். "சர்ட்டிபிகேட்ட மட்டும் எப்படித் தூக்கிக் குடுத்த?"

மஞ்சுளா தலையைக் குனிந்துகொண்டாள். ஷாரோனுக்கு அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை.

"கேள்வி கேட்டது போதும். நீ இப்ப வேலை தேடுதவ," என்றார் தளவாய். "போனை எடு. தேடு."

இது ஷாரோனுக்குப் பிடித்த வேலை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மஞ்சுளாவுக்கு வகுப்பே எடுக்க ஆரம்பித்துவிட்டாள். "பாத்துக்கோ. சும்மா 'வேலை'ன்னு தட்டினா ஊரு குப்பையெல்லாம் வரும். ஊரு, படிப்பு, ஷிப்டு எல்லாம் போட்டு வடிகட்டணும். விளம்பரம் பாத்ததும் தாவக் கூடாது. அந்தக் கம்பெனியோட சொந்த வெப்சைட்ல அதே வேலை கீதான்னு பாக்கணும். கம்பெனி மெயில் இல்லாம வெறும் செல் நம்பர் போட்டிருந்தா சந்தேகப்படு. 'இன்றே கடைசி'ன்னு அவசரப்படுத்தினா ஓடிப் போயிடு. ஆர்டர் கைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரிஜினல எவன் கேட்டாலும் குடுக்காத. எங்கப்பாவுக்கே நான்தான் எல்லாம் கத்துக் குடுத்தேன். கம்பெனில லைன மூடிட்டாங்கன்னு வூட்ல ஒக்காந்திருந்த மனுசன், இப்ப ஏசி ரூம்ல கீறாரு."

பேசிக்கொண்டே அந்த விளம்பரத்தைப் பிடித்துவிட்டாள். பிரபல கார் கம்பெனிக்கு ஆட்கள் தேவை. டிப்ளமோ, ஐ.டி.ஐ. கேன்டீன் உண்டு, சீருடை உண்டு. கீழே கம்பெனி பஸ் நிற்கும் இடங்கள்: வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டு, ஒரகடம் கூட்டுரோடு, பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரை தண்ணீர்த் தொட்டி.

தளவாய் போனை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டு படித்தார். "டெல்லியிலயோ எங்கயோ உக்காந்து ஏமாத்துதவன் என்ன எழுதுவான்? சம்பளத்தைப் பெருசாப் போடுவான். இவன் சம்பளத்தையே சரியாச் சொல்லல. பஸ் எங்க நிக்கும்னு தொட்டி வரைக்கும் சொல்லிருக்கான். ஏன்?"

"இங்க யாரும் மொதல்ல சம்பளம் கேக்க மாட்டாங்க சார். பஸ் எங்க நிக்கும்னுதான் கேப்பாங்க. சம்பளம் எல்லா எடத்துலயும் ஒரே மாதிரிதான். பஸ்ஸு வூட்டாண்ட வரலன்னா அது வேலையே இல்ல."

"அப்ப இதை எழுதினவன்?"

"பஸ்ஸுக்குக் காத்துகினு நின்ன ஆளு," என்றாள் ஷாரோன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நல்ல பதில் என்று அவளுக்கே உறைத்தது. "உள்ளூர்க்காரன் சார். ஏதோ ஒரு லைன்ல நின்னவன்."

தளவாய் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ மறுபடி விளம்பரத்தைப் பார்த்தார். முகத்தில் இருந்த ஆர்வம் மெல்ல வடிந்துவிட்டது.

"இதை நான் பாத்துக்கிடுதேன். நீ இன்னைக்கு வேணா வீட்டுக்குப் போயேம்மா."

"நீங்களா லீவு குடுக்குறீங்க? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே சார்," என்று கேட்டுவிட்டு, அவருக்கு முன்னால் படியிறங்கி ஸ்கூட்டரண்டை போய் நின்றாள்.

பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கங்கா என்பவள் டீக்கடை வைத்திருந்தாள். அவளிடம் தளவாய் கேட்டதெல்லாம் ஒரே ஒரு கேள்விதான். இங்கே எந்தக் கம்பெனி பஸ் நிற்கும்?

"இப்ப எதுவும் நிக்கறது இல்லண்ணே. எல்லாம் ஸ்கூலாண்ட போயிடுச்சி," என்றாள் கங்கா, டீயை ஆற்றிக்கொண்டே. "முன்ன ஒரே ஒரு பஸ்ஸு நிக்கும். அந்த ஸ்பேர் பார்ட்ஸு கம்பெனி இல்ல, போன வருசம் லைன மூடிட்டு எல்லாரையும் வூட்டுக்கு அனுப்புச்சே, அதோட பஸ்ஸு."

ஷாரோன் தொடையைத் தட்டினாள். "அது எங்கப்பா கம்பெனி சார். கேஸ் முடிஞ்சிது. அந்த பஸ்ஸுல வந்த அத்தினி பேரையும் அப்பாவுக்குத் தெரியும். ஒரு போன் போட்டா எவன்னு சொல்லிடுவாரு."

"வேண்டாம்மா," என்றார் தளவாய். அதற்குள் அவள் போனைக் காதில் வைத்துவிட்டாள்.

"மீட்டிங்ல கீறேம்மா," என்ற அப்பாவின் குரல் தணிந்து வந்து, உடனே அறுந்துபோனது.

"ரொம்பப் பெரிய ஆளாயிட்டாரு," என்று சிரித்தாள் ஷாரோன்.

தளவாய் டீக் கிளாஸைக் கீழே வைத்தார். "அந்த பஸ் எந்தெந்த இடத்துல நிக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டு. அடுத்தது எங்க ஊரு, வடக்குப்பட்டு கைகாட்டி. அப்பறம் ஒரகடம், அதுக்கப்பறம் இந்தத் தொட்டி."

தளவாய் விளம்பரத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். வாலாஜாபாத் இருந்தது, ஒரகடம் இருந்தது, இந்தத் தொட்டிகூட இருந்தது. வடக்குப்பட்டு மட்டும் இல்லை.

"எங்க ஊர்க்காரங்க உஷாரு சார். அங்க வந்து கைய வெச்சா முட்டியப் பேத்துடுவாங்கன்னு அவனுக்கே தெரிஞ்சிருக்கு," என்றாள் ஷாரோன்.

"அப்படியும் இருக்கலாம்," என்றார் தளவாய். மண்டபம் போகும் வழியெல்லாம் அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள்.

மண்டபத்துக் காவலாளி நயினார் பெரியவர், பேச ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர். டை கட்டிய ஆளைப் பற்றிக் கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

"அவுரா? அவுர இன்னா சார் திருடன்றீங்க. அவ்ளோ ஒழுங்கு. வந்த புள்ளைங்கள வரிசையா நிக்க வெச்சி, கைய நீட்டச் சொல்லி, பாதுகாப்பா வேலை செய்வேன்னு சத்தியம் வாங்கினாரு. அப்பறம்தான் இன்டர்வியூவே."

"சேப்டி உறுதிமொழி," என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் ஷாரோன். "கொள்ளையடிக்கறதுக்கு முன்னாடி சேப்டி உறுதிமொழி எடுத்த ஒரே கூட்டம் இதுதான் சார். லைன் சூப்பர்வைசரா இருந்த ஆளுதான், சந்தேகமே இல்ல. செருப்புப் போட்டுகினு வந்தவங்களத் திருப்பி அனுப்பினாரா பெரியவரே?"

"அனுப்பல. ஆனா அடுத்த தபா ஷூ போட்டுகினு வாங்கன்னு சொன்னாரு. இன்னொண்ணு கேளு பாப்பா. டீ குடிக்க ரோட்டுக்கு அந்தாண்ட போனாரு. போறதுக்கு முன்னாடி நின்னு, இப்படிப் பண்ணாரு."

நயினார் மண்டப வாசலில் விறைப்பாக நின்றார். விரலை நீட்டி இடப்பக்கம் காட்டி "ஓகே" என்றார். வலப்பக்கம் காட்டி "ஓகே" என்றார். நேரே காட்டி மறுபடி "ஓகே" என்றுவிட்டு ஓர் அடி எடுத்து வைத்தார்.

ஜப்பான்காரன் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு அது ரத்தத்தில் ஊறிய பழக்கம். ஷெட்டுக்குள் வண்டி ஓடும் பாதையைக் கடக்கும்போது, விரலால் காட்டி வாயால் சொல்லாமல் காலெடுத்து வைக்கக் கூடாது. தளவாய் கேட்ட கேள்வி வேறு.

"நீங்க இடது கைக்காரரா?"

"நான் இல்ல சார். அவுரு அப்படித்தான் காட்டினாரு. எல்லாத்துக்கும் எடது கைதான்."

ஷாரோனின் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அவளுடைய அப்பா யாக்கோபுவுக்கு வலதுகை ஆள்காட்டி விரலின் நுனி இல்லை. அவள் பள்ளிக்கூடம் படிக்கும்போது பிரஸ் மெஷின் எடுத்துக்கொண்டது. அதிலிருந்து அவர் இடது கையால்தான் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போகையில் கோவிலுக்கு எதிரே ரோட்டைக் கடக்கும்போதும் காட்டுவார். அவளும் அவளுடைய சிநேகிதிகளும் பின்னாலிருந்து அதே மாதிரி செய்து காட்டிச் சிரித்திருக்கிறார்கள்.

சில வாரங்களுக்கு முன்னால் சாப்பிடும்போது அப்பா கேட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. வேலை தேடுறவங்க மொதல்ல இன்னாம்மா பாப்பாங்க? இவள் போனைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள், பஸ்ஸு எங்க நிக்கும்னுதான் பாப்பாங்க, இதுகூடத் தெரியாம நீங்கல்லாம் எப்படித்தான் வேலை பாக்குறீங்களோ.

காது மடல்கள் எரிந்தன. தளவாய் தன்னைப் பார்க்கிறாரா என்று பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை.

"கை காட்டறது ஒரு துப்பே இல்ல சார்," என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "ஒரகடத்துல பாதிப் பேரு இப்படித்தான் பண்ணுவாங்க. நாம வாலாஜாபாத் போயி விசாரிக்கலாம்."

தளவாய் அவளை ஒரு நொடி பார்த்தார். "சரிம்மா. போவோம்."

அவர் உடனே ஒப்புக்கொண்டதுதான் அவளைக் கொன்றது. பொய் சொன்னால் எதிராளியின் மூக்கு விடைக்கும் விதத்தை வைத்தே சொல்லிவிடுகிற மனிதர், ஒன்றும் கேட்காமல் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.  லாரிகளும் கம்பெனி பஸ்களும் தூசியைக் கிளப்பிக்கொண்டு போயின. பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்குக் காலையிலிருந்து தான் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. மரியாதையான திருடன், முட்டியப் பேத்துடுவாங்க, இதற்கெல்லாம் தான் சிரித்த சிரிப்பு. அப்பாவுக்கு ஆன்லைனில் வேலை கிடைத்தது கர்த்தரின் கிருபை என்று கோவிலில் எழுந்து நின்று சாட்சி சொன்னதும் இவள்தான். சபையே அல்லேலூயா சொன்னது. அப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அடக்கம் என்று நினைத்துப் பெருமைப்பட்டாள். 

போன் அதிர்ந்தது. மஞ்சுளா அனுப்பியிருந்தாள். 'அக்கா ஏதாவது தெரிஞ்சிதா? வூட்ல கேட்டுகினே இருக்காங்க.'

வடக்குப்பட்டு கைகாட்டி தாண்டியது.

"வண்டிய நிறுத்துங்க சார்."

தளவாய் ஓரமாக நிறுத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை.

"பொய் சொல்லிட்டேன் சார். அது எங்கப்பா."

"தெரியும்மா."

"எப்பலேர்ந்து?"

"ஆபீஸ்ல வச்சே தோணுச்சு. வாலாஜாபாத்ல ஏறுன பஸ் ஒரகடத்துக்கு உன் ஊரு வழியாத்தான் வரணும். ஊரைக் கொள்ளையடிக்கணும்னு நினைக்கவன் தன் ஊரை விட மாட்டான், தெரிஞ்ச ஆளுக சீக்கிரமா நம்புவாவ. தன் ஊரை மட்டும் மறைக்கவன் திருடன் இல்ல. வெக்கப்படுதவன்." தளவாய் கண்ணாடியைத் துடைத்தார். "உங்கப்பாவா இருந்திரக் கூடாதுன்னுதான் மண்டபம் வரைக்கும் வந்தேன்."

"அப்பறம் ஏன் என் பொய்க்குத் தலையாட்டினீங்க?"

"நீயாச் சொல்லணும்லா."

அவள் கைப்பையில் கைக்குட்டையைத் தேடினாள். கிடைக்கவில்லை. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மஞ்சுளாவுக்குத் தன் வீட்டு முகவரியை அனுப்பினாள். அந்த நாலு வரியைத் தட்டத்தான் அன்றைக்கு அவளுக்கு அதிக நேரம் பிடித்தது.

யாக்கோபு வீட்டில்தான் இருந்தார். சட்டையை மடிப்புக் கலையாமல் உள்ளே செருகி, டை கட்டி, மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் செல்போன். மகளைப் பார்த்ததும் எழுந்தார், பின்னால் தளவாயைப் பார்த்ததும் கை தானாக டையை இறுக்கியது.

"மீட்டிங் முடிஞ்சிதாப்பா?" என்று கேட்டாள். வாய் பழக்கத்தில் அப்படி வந்துவிட்டது. கேட்ட மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் உள்ளே போய் அரிசி டிரம்மைத் தள்ளி, பின்னாலிருந்த துணிப்பையை எடுத்து வந்தார். உள்ளே பிளாஸ்டிக் கவர்களில் எல்லா சர்ட்டிபிகேட்டும் பெயர் எழுதி, மடங்காமல், அழுக்குப் படாமல் இருந்தன.

"ஒண்ணுகூட அனுப்பலம்மா," என்றார். "நீ கத்துக் குடுத்த மாதிரிதான் தேடினேன். எங்க போட்டாலும் வயசக் கேட்டுட்டு வெச்சிடுவாங்க. ஆன்லைன்ல வந்த இவன் ஒருத்தன்தான் வயசே கேக்கல. எச்.ஆர். ஆபீசர்னு ஆர்டர் அனுப்பினான். விளம்பரம் போட்டு ஆளு எடுத்து ஒரிஜினல வாங்கி கொரியர்ல போடுன்னான். மண்டபத்துல வாங்கிட்டு வந்த அன்னிக்கே, எதுக்கு ஒரிஜினலுன்னு கேட்டேன். கன்னாபின்னான்னு திட்டினான். அப்பவே புரிஞ்சிடுச்சி."

"அன்னிக்கே திருப்பிக் குடுத்திருக்கலாமேப்பா. அந்தப் பொண்ணு வூட்ல கல்யாணம் பண்ணித் தள்ளப் பாக்குறாங்க."

"குடுத்தா எனக்கும் வேலை இல்லன்னு ஆயிடுமேம்மா." அவர் அவளைப் பார்க்காமல் பையைத் தடவினார். "நீ சாட்சி வேற சொல்லிட்ட. விளம்பரத்துக்குன்னு வாங்கின நம்பர் அடிச்சிகினே கீது. எடுக்கவும் முடியல, அணைக்கவும் முடியல. டெய்லி காலைல டைய கட்டிகினு கைகாட்டி வரைக்கும் போயிட்டு, நீ கெளம்பினதும் வந்துடுவேன்."

கத்தவேண்டும் போலிருந்தது ஷாரோனுக்கு. கூடவே, கத்துவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்றும் இருந்தது. துப்பறியும் நிலையத்தில் வேலை பார்ப்பவள். ஊரார் பொய்யையெல்லாம் கண்டுபிடிக்கிறவள். வீட்டுக்குள்ளே ஒரு மனுஷன் தினமும் டை கட்டிக்கொண்டு செத்துக்கொண்டிருந்ததை அவள் பார்க்கவில்லை. பார்க்காததற்குக் காரணமும் அவளுக்குத் தெரியும். வேலையில்லாத அப்பாவைவிட ஏசி ரூம் அப்பாதான் வெளியே சொல்ல வசதியாக இருந்தார்.

வாசலில் ஆட்டோ நின்றது. மஞ்சுளா உள்ளே வந்தவள், யாக்கோபுவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். சுவரில் மாட்டியிருந்த குடும்பப் படத்தைப் பார்த்தாள். அப்புறம் ஷாரோனைப் பார்த்தாள். யாரும் எதையும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

யாக்கோபு அவளுடைய கவரை இரண்டு கையாலும் நீட்டினார். "தப்புப் பண்ணிட்டேம்மா. மன்னிச்சிடு."

மஞ்சுளா வாங்கி, ஒவ்வொரு காகிதமாக எடுத்துப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. அவரைப் பார்க்காமலே கவரை மூடினாள். வாசற்படியில் மட்டும் ஷாரோனிடம் திரும்பினாள்.

"வளையலக் கழட்டிக் குடுப்பியான்னு கேட்டீங்களேக்கா. அன்னிக்கி இவுரு பேசின பேச்சுக்கு வளையலக் கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன்." சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். ஆட்டோ திரும்பும்வரை ஷாரோன் வாசலிலேயே நின்றாள். 

"மத்தவங்களும் இருக்காவல்லா," என்றார் தளவாய் யாக்கோபுவிடம். "நாளைக்கு நாம ரெண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷன் போவோம். உங்களை வேலைக்கு வச்சவனை நான் தேடிப் பிடிக்கேன். இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் இப்பவே சொல்லிருங்க. உங்க வாயாலதான் சொல்லணும்."

யாக்கோபு மேலே இருந்த கவரை எடுத்தார். எழிலரசன், வாலாஜாபாத், கீழே போன் நம்பர். போனில் எண்களை ஷாரோன்தான் அழுத்திக் கொடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

"வணக்கம்பா. நான் இன்டர்வியூ எடுத்த யாக்கோபு பேசறேன்."

"சார், நீங்களா." அந்தப் பையன் குரலில் சந்தோஷம் பொங்கியது. "தெரியும் சார், நீங்க கண்டிப்பா கூப்பிடுவீங்கன்னு. எங்க வூட்ல எல்லாரும் ஏமாந்துட்டடான்னு சொல்லிகினே இருந்தாங்க. முந்தாநேத்து வேற ஒரு கம்பெனில கூப்பிட்டாங்க சார். நான் போகல. சார்கிட்ட வரேன்னு சொல்லிட்டேன், அவுரு நல்லவருன்னு சொல்லி வேணான்னுட்டேன். எப்ப சார் வரணும்? பஸ்ஸு பஸ் ஸ்டாண்டுலதான நிக்கும்?"

யாக்கோபுவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றார். விரல் டை முடிச்சை இழுத்துத் தளர்த்தியது, அவ்வளவுதான்.

"சார்? லைன்ல கீறீங்களா சார்?"

தளவாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஷாரோன் கையை நீட்டிப் போனை எடுத்தாள்.

"தம்பி, ஒரு நிமிஷம். சொல்றதப் பொறுமையாக் கேளு."

"நீங்க யாரு மேடம்? எச்.ஆரா?"

ஒரு பொய் வாசல் வரைக்கும் வந்து நின்றது. கன்சல்டன்சி என்று சொல்லலாம், போலீஸ் என்றுகூடச் சொல்லலாம், துப்பறியும் நிலையம் என்றால் அது பொய்யும் இல்லை. அப்பா நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல தம்பி," என்றாள். "நான் அவரு பொண்ணு."